கையில் பிரௌனிங், கைகொடுக்க யார்?

விலை உயர்ந்த பிஸ்டல் பழுதானால் லைசென்ஸ்தாரர் எங்கே போவார்? செங்கோட்டை வாஞ்சி காலம் தொட்டு இன்றைய தென்காசி வரை ஓர் அலசல்

1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலியிலிருந்து வந்த ரயில், சிலோன் போட் மெயிலுக்காக மணியாச்சி சந்திப்பில் காத்து நின்றது. முதல் வகுப்புப் பெட்டியில் கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், மனைவி மேரியுடன் கொடைக்கானலுக்குப் போகும் வழியில் இருந்தார். பெட்டியை நெருங்கிய செங்கோட்டை வாஞ்சிநாதன், மிக அருகிலிருந்து சுட்டார். பின் பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவரிடமிருந்து போலீஸார் எடுத்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல்.

இன்றைக்கு அந்த ரயில் நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி. செங்கோட்டையில் சிலை இருக்கிறது, மணிமண்டபம் இருக்கிறது. ஆஷ் கொலை பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் முதல் வரிசையில் இருந்த ஒரு பிஸ்டல், புனலூர் வனத்துறையில் வேலை பார்த்த ஓர் இளைஞரின் கைக்கு வந்து, வேண்டிய நேரத்தில் பிசகாமல் வேலை செய்தது எப்படி என்ற கேள்வி அவற்றில் அதிகம் எழுவதில்லை. கேட்டுப் பார்த்தால், அது இன்றைய துப்பாக்கி லைசென்ஸ்தாரர்களின் தலைவலி வரை இழுத்துக்கொண்டு போகிறது.

பெல்ஜியத்துச் சரக்கு

ஜான் மோசஸ் பிரௌனிங் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். அவர் வடிவமைத்த சிறிய பிஸ்டலை, பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகில் எர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். நிறுவனம் 1899-இல் தயாரிக்கத் தொடங்கியது. அதற்கென்றே அவர் உருவாக்கிய தோட்டாதான் 7.65 மி.மீ., நம் ஊர்ப் பேச்சில் பாயின்ட் 32. ஏழு தோட்டா மேகசின், சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு. 1911-க்குள் சுமார் 7 லட்சம் பிஸ்டல்கள் விற்றன.

அந்தக் காலத்து அரசியல் கொலைகளில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 1904-இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் பாப்ரிகோவைச் சுட்டது எஃப்.என். பிரௌனிங். 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இத்தோ ஹிரோபூமியைக் கொரிய இளைஞர் ஆன் ஜுங்-கூன் சுட்டதும் அதே ரகம். அதே ஆண்டு டிசம்பர் 21-இல் நாசிக் கலெக்டர் ஜாக்சன் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டார். லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய 20 பிரௌனிங்குகளில் ஒன்றுதான் அதற்குப் பயன்பட்டது. 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றதும் எஃப்.என். தயாரிப்பே.

காரணம் எளிது. ஒரே ஒரு வாய்ப்புக்காகக் காத்திருப்பவர், சிக்கிக்கொள்ளாத கருவியைத் தேடுவார். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் பிரிட்டிஷ் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது; அந்தச் சட்டம் அங்கே செல்லாது. 1911 தொடக்கத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வாஞ்சி அங்கே போனார், புரட்சியாளர் வ.வே.சு. ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றார். ஆக, கருவி மட்டும் வரவில்லை, அதைக் கையாளும் பழக்கமும் சேர்ந்து வந்தது. பிற்பாடு நடந்த திருநெல்வேலி சதி வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரி உள்பட 14 பேர் கூண்டில் நின்றார்கள். அவர்களில் செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து ஆட்கள் பலர்.

ஒரு நொடிக்குள் ஆறு வேலை

ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும். உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். தானியங்கிப் பிஸ்டலில் அப்படி இல்லை. தோட்டா வெடித்ததும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னே போக வேண்டும். போகும்போதே ஒரு சின்னக் கொக்கி காலிக் குப்பியின் விளிம்பைப் பற்றி இழுக்க வேண்டும். இன்னொரு முனை அதைத் தட்டி வெளியே தள்ள வேண்டும். பின் சுருள்வில் ஸ்லைடை முன்னே தள்ளும். மேகசினின் வில் அடுத்த தோட்டாவைச் சரியான கோணத்தில் உயர்த்தித் தர வேண்டும். அது குழலின் அறைக்குள் நுழைந்து, ஸ்லைடு இறுக மூடிக்கொள்ள வேண்டும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில். எங்கே பிசகினாலும் ‘ஜாம்’.

சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் துப்பாக்கியின் உடம்பில் இருக்காது. மேகசினின் மேல் உதடு அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் தோட்டா மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். பழைய தோட்டாவில் மருந்து பலமிழந்திருந்தால் ஸ்லைடு பாதி வழியில் திரும்பிவிடும். கொக்கி நுனியில் கரி படிந்திருந்தால் குப்பி உள்ளேயே தங்கிவிடும்.

இதையெல்லாம் கடுமையாகச் சோதித்தபோது பெயர் வாங்கியதும் பிரௌனிங்தான். ஆஷ் சுடப்பட்ட அதே 1911-இல், மார்ச் மாதம், அமெரிக்க ராணுவம் இரண்டு பிஸ்டல்களைக் களத்தில் இறக்கியது. இரண்டு நாளில் 6,000 தோட்டா. சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட வேண்டும். போட்டியாளரான சாவேஜ் 37 முறை தகராறு செய்தது. பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை. மார்ச் 29-இல் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது; 1985 வரை அதுவே அவர்களின் கைத்துப்பாக்கி.

பெரிய பெயர், பெரிய தவறு

புகழ் பெற்ற நிறுவனம் என்றால் தவறே நடக்காது என்று சொல்ல முடியாது. தவறு நடந்தபின் நிறுவனம் என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது.

கோல்ட்டின் இடத்துக்கு வந்த இத்தாலியின் பெரெட்டா, 1980-களின் கடைசியில் பெரிய சோதனையைச் சந்தித்தது. சில பிஸ்டல்களின் ஸ்லைடு விரிசல் விட்டு உடைந்து, சுட்ட வீரர்களின் முகத்திலேயே பாய்ந்தது. குறை உலோகத்திலா, ராணுவம் பயன்படுத்திய தோட்டாவிலா என்று வாதம் நீண்டது. வாதம் ஒருபுறம் இருக்க, ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் பறக்காதபடி சுத்தியல் ஊசியின் தலையைப் பெரிதாக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த பிஸ்டல் பல்லாண்டு ஓடியது.

ஆஸ்திரியாவின் கிளாக் 1982-இல் ராணுவ ஒப்பந்தத்தோடு புகழ் பெற்றது. ‘சேற்றில் போட்டாலும் சுடும்’ என்பது அதன் பெயர். அதன் நான்காம் தலைமுறை பிஸ்டல்களின் சுருள்வில்லில் 2011-இல் குறை தெரிந்ததும், நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குப் புது வில்லை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. குறையை ஒப்புக்கொண்டது பேரைக் கெடுக்கவில்லை.

அமெரிக்காவின் பழம்பெரும் ரெமிங்டன் 2014 தொடக்கத்தில் ஆர்-51 என்ற பிஸ்டலை ஆரவாரத்தோடு இறக்கியது. வாங்கியவர்களிடமிருந்து புகார் குவிந்தது. ஜூலைக்குள் அனைத்தையும் திரும்ப அழைத்து, புதிது தருவதாக அறிவித்தது. திருத்திய வடிவம் 2016-இல்தான் கடைக்கு வந்தது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது.

சிக் சாவர் கதை இன்னும் முடியவில்லை. அதன் பி-320 ரகத்தின் ராணுவ வடிவத்தை 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானாகவே வெடிக்கலாம் என்ற குறை வெளியானது. நிறுவனம் அதைத் ‘திரும்பப் பெறுதல்’ என்று சொல்லவில்லை; ‘விருப்ப மேம்பாடு’ என்றது. இலவசமாகவே விசையையும் உள் பாகங்களையும் மாற்றிக் கொடுத்தது. அப்படியும் வழக்குகள் தொடர்ந்தன. 2024-இல் ஃபிலடெல்ஃபியா ஜூரி ஒரு வழக்கில் 1.1 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. விசையைத் தொடாமல் தன் பிஸ்டல் வெடிக்காது என்பதே இன்றும் நிறுவனத்தின் வாதம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அமெரிக்காவில் பொம்மையையும் மின்விசிறியையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. துப்பாக்கியை மட்டும் 1972-ஆம் ஆண்டுச் சட்டமே அதன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. அங்கே பிஸ்டலைத் திரும்பப் பெறுவதென்றால் நிறுவனமாக மனம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

இந்தியாவில் மனம் வைக்க அந்த நிறுவனங்களும் இல்லை.

125 ஆண்டுத் தோட்டா

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 9 மி.மீ., பாயின்ட் 38, பாயின்ட் 45 போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. மாவட்டங்களில் கலெக்டர் தரும் லைசென்ஸில் பிஸ்டல் வாங்குபவருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது பாயின்ட் 32. அதாவது, பிரௌனிங் 1899-இல் தன் முதல் பிஸ்டலுக்காக உருவாக்கிய அதே தோட்டா. உலகம் எங்கேயோ போய்விட்டது. இந்திய லைசென்ஸ்தாரர் இன்னும் அந்தக் குப்பியையே மேகசினில் அடைத்துக்கொண்டிருக்கிறார்.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவில் நிறுத்தப்பட்டது. தேசிய அளவில் பெயர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த வால்தர், பிரௌனிங், கோல்ட், பெரெட்டா பிஸ்டல்கள்தான் லைசென்ஸ் உள்ள ஒரு கையிலிருந்து லைசென்ஸ் உள்ள இன்னொரு கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஐம்பது, அறுபது வயதான பிஸ்டலுக்குப் பல லட்சம் ரூபாய். ஜெர்மனியிலோ பெல்ஜியத்திலோ அந்த விலையில் புத்தம்புதிதாகப் பலவற்றை வாங்கலாம்.

உள்நாட்டில் மாற்று இருக்கிறது. அரசுத் தளவாட ஆலைகள் ‘அசனி’ என்ற பாயின்ட் 32 பிஸ்டலைத் தயாரிக்கின்றன. கான்பூர் ஆலை 2014-இல் ‘நிர்பீக்’ ரிவால்வரைக் கொண்டுவந்தது. அறிமுக விலையே 1,22,360 ரூபாய். 2021 அக்டோபரில் தளவாட வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாயிற்று. சிறு ஆயுதங்களுக்கான நிறுவனத்தின் தலைமையகம் கான்பூர். தமிழ்நாட்டில் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966 முதல் இயங்குகிறது. அது பெயர் வாங்கியது ரைபிளில். தென்காசிக்காரர் ஒருவரின் பிஸ்டல் பழுதானால், செய்த ஆலை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

போகும் வழியில் இருக்கும் லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்ய முடியாது. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது சட்டத்தின் 5-வது பிரிவு. துப்பாக்கியின் உதிரிபாகமும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. கொக்கி ஒன்று தேய்ந்துவிட்டால் அதை வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைக்க முடியாது. விளைவு, லட்சங்கள் கொடுத்து வாங்கிய பிஸ்டல், நூறு ரூபாய் பெறாத ஒரு பாகத்துக்காகப் பெட்டியில் தூங்கும்.

நுகர்வோர் சட்டம் உதவாதா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் துப்பாக்கிக்கு விலக்கு எதுவும் இல்லை. லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ அரசு நிறுவனத்திடமோ புதிதாக வாங்கியது குறையுள்ளதாக இருந்தால், மாவட்ட ஆணையத்தில் 50 லட்சம் ரூபாய் மதிப்பு வரை புகார் கொடுக்கலாம். ஆனால் வெளிநாட்டு பிஸ்டல்களில் பெரும்பாலானவை தனிநபரிடமிருந்து தனிநபருக்குக் கைமாறுபவை. அங்கே விற்றவர் வியாபாரி அல்ல. பில் இல்லை, வாரன்டி இல்லை, கேட்க ஆளும் இல்லை.

சாரலும் ஸ்டேஷனும்

தென்காசி மாவட்டத்துக்கென்று ஒரு கூடுதல் எதிரி உண்டு: ஈரம். ஜூனில் சாரல் தொடங்கினால் குற்றாலம், செங்கோட்டை, மேக்கரை, இலஞ்சிப் பக்கம் பீரோவில் வைத்த துணியே நமுத்துப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வேறு. அருவியைப் பார்க்க வருபவருக்கு அது சுகம், இரும்புக்கு நரகம்.

துப்பாக்கியைத் தோல் உறையிலேயே வைத்துப் பூட்டுவது பலரின் பழக்கம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோலைப் பதப்படுத்திய உப்பும் அமிலமும் அதோடு சேர்ந்து எஃகை அரிக்கும். முதலில் ஸ்லைடின் ஓரத்தில் காபிப்பொடி தூவியதுபோலப் புள்ளி விழும். பித்தளைக் குப்பியில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய தோட்டா அறைக்குள் முழுதாக நுழையாது, நுழைந்தால் வெளியே வராது. எண்ணெய் என்றதும் தேங்காயெண்ணெயைத் தடவுபவர்களும் உண்டு. அது மார்கழிக் குளிரில் உறையும், நாள்பட்டால் பிசினாகும். ஊசி ஓடும் துளையில் பிசின் படிந்தால் விசையை இழுக்கும்போது ‘டிக்’ சத்தம் மட்டும்தான் வரும்.

அடுத்தது தேர்தல். அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2019 நவம்பர் 22-இல் பிறந்த தென்காசி மாவட்டம், 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல், அக்டோபரில் ஊரக உள்ளாட்சி, 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சி, 2024 ஏப்ரலில் மக்களவை என்று வரிசையாகப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அறிவிப்பில் தொடங்கி முடிவு வரும்வரை துப்பாக்கி உரியவர் கையில் இருக்காது. அத்தனை நாளும் துடைக்கவோ எண்ணெய் போடவோ வழி இல்லை. தேர்தல் அமைதிக்காக ஒப்படைப்பதில் தவறில்லை. திரும்ப வாங்கும்போது எண்ணைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், குழலையும் மேகசினையும் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

சுட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை

ஒரு பிஸ்டலை நம்புவதற்கு முன் குறைந்தது இருநூறு தோட்டாவாவது சுட்டுப் பார்க்க வேண்டும் என்பது மேல்நாட்டுப் பயிற்சியாளர்களின் பொது அறிவுரை. இங்கே லைசென்ஸிலேயே தோட்டாவுக்கு உச்சவரம்பு. வயலிலோ மலையடிவாரத்திலோ சுட்டுப் பார்க்கவும் முடியாது. அடுத்தவர் உயிருக்கு ஆபத்தாகும்படி அலட்சியமாகச் சுட்டால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். சட்டப்படி சுட வேண்டுமானால் மதுரை, திருச்சி, கோவை, சென்னை போன்ற ஊர்களின் ரைபிள் கிளப்புகள்தான் கதி.

அந்தக் கிளப்புகளில்தான் விலை உயர்ந்த பிஸ்டல்கள் உண்மையில் உழைக்கின்றன. 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் அணிப் பிரிவுகளில் பதக்கம் வென்றபோது, பிஸ்டல் போட்டி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. இத்தாலியின் பார்தினி, ஜெர்மனியின் வால்தர், சுவிட்சர்லாந்தின் மொரினி ஆகியவை அங்கே சாதாரணமாகப் புழங்கும் பெயர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் பிரிவில் ஐந்து இலக்குகளை நான்கு நொடியில் சுட வேண்டும். பிஸ்டல் ஒருமுறை தயங்கினால் பதக்கம் போயிற்று.

விளையாட்டு விதிகள் அதையும் யோசித்திருக்கின்றன. 25 மீட்டர் போட்டியில் பிஸ்டல் சிக்கிக்கொண்டால் வீரர் அதைச் சரிசெய்ய முயலாமல் மறு கையை உயர்த்த வேண்டும். நடுவர் வந்து பார்ப்பார். கருவியின் குறை என்றால் மறுவாய்ப்பு. சேஃப்டியை எடுக்க மறந்தது, மேகசினை நிரப்பாதது என்றால் சுடாத தோட்டாவுக்குப் பூஜ்யம்.

அப்படியும் விதி விளையாடும். 2021 ஜூலை 25, டோக்கியோ. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் கோளாறாகிவிட்டது. அது காற்றழுத்தத்தில் இயங்கும் ரகம்தான். விலையிலும் நுட்பத்திலும் உச்சத்தில் இருப்பது. சரிசெய்துகொண்டு வருவதற்குள் ஏறத்தாழ இருபது நிமிடம் கரைந்தது. அவசரமாகச் சுட்டு முடித்தவர் 575 புள்ளிகளோடு 12-ஆம் இடம்; இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார்.

வாங்குவதற்கு முன்

பாதுகாப்புக்காகவோ அந்தஸ்துக்காகவோ பழைய வெளிநாட்டு பிஸ்டல் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயரை அல்ல. பிஸ்டலில் உள்ள எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிஹாரின் முங்கேர் பக்கத்துக் கள்ளப் பட்டறைகள் இத்தாலி முத்திரையைக்கூட அச்சு அசலாகப் பொறித்துத் தருகின்றன. அது கையில் இருந்தாலே சிறைதான். அசல் மேகசின் எத்தனை உடன் வருகிறது என்று கேளுங்கள். ஒன்றே ஒன்றுதான், அதுவும் உதடு வளைந்தது என்றால் விலை பேசுவதே வீண். குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பழுது பார்க்கும் லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் காட்டி, உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லைசென்ஸ் கொடுக்கும்போது பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கும் விதிகள், வாங்கிய பிறகு அந்தக் கருவி ஒழுங்காக இருக்கிறதா என்பதில் அக்கறை காட்டுவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்க வருபவரிடம் கருவியின் தகுதிச் சான்றையும் கேட்கலாம். தளவாட ஆலைகள் சென்னையிலோ திருச்சியிலோ பொதுமக்களுக்கான பழுதுபார்ப்பு மையம் ஒன்றைத் திறக்கலாம். தேர்தல் காலத்தில் ஸ்டேஷனில் தங்கும் துப்பாக்கிகளுக்கு ஈரம் புகாத அலமாரி வைப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது.

அதுவரைக்கும், பிரௌனிங் என்றும் வால்தர் என்றும் பெயருக்காகப் பல லட்சம் கொட்டுவது வீண். பழுது பார்க்க ஆள் இருக்கும் உள்நாட்டு ரிவால்வர், ஆளே இல்லாத வெளிநாட்டு பிஸ்டலைவிட நம்பகமானது. இரண்டும் தேவையில்லாதவர்கள் லைசென்ஸுக்கே விண்ணப்பிக்காமல் இருப்பது இன்னும் நல்லது.